பழைய டெஸ்க்டாப்: பார்ட் மாற்றலாமா, புதுசு வாங்கலாமா, பொறுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிநாசியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பனியன் கம்பெனி ஆபீஸ்கள், சோமனூர்ப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள், ஜெராக்ஸ் கடைகள், இரண்டு மூன்று பள்ளிக்கூடங்கள் என்று சுற்றுவட்டாரத்து மெஷின்கள்தான் என் பிழைப்பு. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் நின்றதிலிருந்து ஒரே சந்தேகத்தை ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து படித்து வாருங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திருப்பிச் சொல்லவில்லை.

ஏனுங்ண்ணா, ஸ்விட்சைப் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தாத்தான் ஸ்கிரீனே வருது. மெஷினுக்கு வயசாயிருச்சுங்களா?

வயசு காரணம் இல்லை. இந்தக் குறையோடு என் கடைக்கு வருவதில் பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஆன் செய்து ஐந்து நிமிடம் ஆன பிறகும் அதில் டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்திலேயே நின்றால், ப்ராசஸர் பாவம், கையைக் கட்டிக்கொண்டு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டும், அதன் மேல் அங்கும் இங்கும் ஓடும் ஒரு முள்ளும் இருக்கின்றன. ஒரு சின்னக் கோப்பைத் தேடி அந்த முள் போய் நிற்க ஏறக்குறைய பத்து மில்லிசெகண்ட் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. அதே வேலை அதற்கு ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குதான். விண்டோஸ் எழும்போது இப்படி ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேடுகிறது. வேறெதையும் தொடாமல் எஸ்எஸ்டி மட்டும் போட்டாலே நான்கு நிமிடம் அரை நிமிடமாவது இதனால்தான்.

"போர்டு பழசு, எஸ்எஸ்டியோட முழு வேகம் வராது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். உண்மைதான். எச்61 என்ற பழைய வகை மதர்போர்டில் டிஸ்க்கை மாட்டும் சாட்டா இணைப்பு பழசு என்பதால் விநாடிக்கு 500 எம்பி சொச்சம் வர வேண்டியது பாதிதான் வரும். வரட்டும். லாபம் தேடுகிற நேரத்தில் இருக்கிறது, அது முழுசாகக் கிடைக்கும்.

எந்த ஜெனரேஷன்னு கடைக்காரர் கேக்கறாருங்க. அதை எங்க போய்ப் பாக்கறது?

திஸ் பிசி மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். அங்கே இன்டெல் ப்ராசஸர் பெயர் ஐ3-4130 என்று இருந்தால் நான்காவது ஜெனரேஷன், ஐ5-8400 என்றால் எட்டாவது. எண் ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டைப் பாருங்கள்: ஐ5-10400 பத்தாவது. பென்டியம், செலரான் மெஷின்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

எட்டு என்ற எண்ணை நினைவில் வையுங்கள். 2017 கடைசியில் வந்த இந்த எட்டாவது ஜெனரேஷனிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்கிறது. ஏஎம்டியில் ரைசன் 2600 போன்றவற்றிலிருந்து. சந்தேகமாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள், ஆகும் ஆகாது என்று அதுவே சொல்லிவிடும்.

எதுல காசு போட்டா வீணாகாதுங்க? அதை மட்டும் சொல்லுங்க.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இன்றைக்கு வாங்கும் பார்ட் அடுத்த மெஷினுக்கும் கூட வருமா? எஸ்எஸ்டி வரும். மானிட்டர், யுபிஎஸ், கீபோர்டு வரும். கேபினெட்டுக்குள் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், நல்லதாக இருந்தால் வரும். டிடிஆர்3 ரேம் வராது. பழைய சாக்கெட் ப்ராசஸர் வராது. அந்தக் காலத்து மதர்போர்டு செத்துப்போய் அதே மாடலைத் தேடி அலைந்து வாங்கினால், அது சுத்தமாக வராது.

கூட வராத பார்ட்டில் காசு போடவே கூடாது என்று சொல்லவில்லை. பழைய டிடிஆர்3 ஒரு ஸ்டிக் கழற்றின மெஷினிலிருந்து சல்லிசாகக் கிடைத்தால் போடுங்கள். ஆனால் மொத்தச் செலவு புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவேன். இது என் கணக்கு, வேறு மெக்கானிக் வேறு சொல்லலாம்.

எங்கூட்டுக்காரர் ரேம் ஏத்துனாப் போதும்ங்கறாரு. இப்ப 4 ஜிபி இருக்கு. ஏத்துலாமுங்களா?

4 ஜிபியில் குரோமைத் திறந்து, ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து, பக்கத்தில் டேலியும் ஓடினால் மூச்சு முட்டத்தான் செய்யும். 8 ஆக்கினால் தெரியும். ஆபீஸ் வேலைக்கு 16-க்கு மேல் போக அவசியமில்லை. முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். வழக்கமான வேலை எல்லாம் திறந்திருக்கும்போதும் 60, 70 சதவீதம்தான் என்றால் ரேம் ஏற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. எத்தனை ஸ்லாட் காலி என்பதும் அங்கேயே இருக்கும். விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு செருகினாலும் அது தொடாது. அதை 64 பிட்டாக மாற்றி ஏற்றிய பிறகுதான் ரேம்.

வாங்கும் முன் வகையைப் பார்ப்பது முக்கியம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. ஒரு தம்பி ஆன்லைனில் டிடிஆர்4 வாங்கி டிடிஆர்3 ஸ்லாட்டில் கட்டை விரலால் அமுக்கியே உட்கார வைக்கப் பார்த்தார். உடைந்த ஸ்லாட்டோடு வந்தார். பழைய ஸ்டிக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், அதுதான் நல்ல வழி.

ஃபேன் சத்தம் மாவு மில்லு மாதிரி கேக்குது, பத்து நிமிஷத்துல சூடேறி ஆஃப் ஆயிருது. புதுசு வாங்கற நேரம் வந்துருச்சுங்களா?

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இதைக் கேட்டால் என் முதல் பதில்: கேபினெட்டைத் திறந்து பாருங்கள். பனியன் துணியிலிருந்து பறக்கும் பஞ்சு ஃபேன் வழியாக உள்ளே போய், ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகச் சுற்றும், காற்று மட்டும் கீழே இறங்காது. செக்கிங் டேபிளுக்கு அடியில் வைத்திருந்த ஒரு மெஷினில் ஃபேனைக் கழற்றினேன். பஞ்சு மெத்தை மாதிரி ஒரே வில்லையாக உரிந்து வந்தது. அடியில் நேவி புளூ, அதன் மேல் சிவப்பு, மேலே வெள்ளை. அந்த வருடம் அவர்கள் என்னென்ன ஆர்டர் ஓட்டினார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம் போல இருந்தது.

சூடு 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷினையே நிறுத்திவிடும். நீங்கள் "பழசாயிருச்சு, மெதுவாயிருச்சு" என்று நினைப்பது பாதி நேரம் இதுதான். தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் ப்ளோயரே போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் அது காற்றில் தறிகெட்டுச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். ஹீட் சிங்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைக்க வேண்டும்.

பிறகு மெஷினைத் தரையிலிருந்து தூக்கி ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். கட்டிங் டேபிள், ஓவர்லாக் இருக்கும் பக்கம் ஃபேன் பார்க்கக் கூடாது. ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஆபீஸ்களுக்கும் பொள்ளாச்சியில் தென்னை நார் மில்களுக்கும் இதே கதைதான், தூசியின் நிறம்தான் வேறு.

ஆன் பண்றப்பவெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போயிருதுங்க. வெப்சைட் எல்லாம் எரர் காட்டுது. போர்டே போச்சுன்னு ஒருத்தர் சொன்னாருங்க.

போர்டு போகவில்லை. அதில் காசு வடிவத்தில் சிஆர்2032 என்று ஒரு பேட்டரி இருக்கும், அதுதான் தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையில் கூடக் கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும், அந்த எரர் அதனால் வருவது. இதற்காகப் புது மெஷின் வாங்கியவரையும் எனக்குத் தெரியும்.

விண்டோஸ் 10 நின்னு போச்சுங்கறாங்க. நாளைக்கு என் கம்ப்யூட்டர் ஓடாதுங்களா?

ஓடும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது இலவசப் பாதுகாப்பு அப்டேட்தான். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் இதே மாதிரி முடிந்தது, இன்றைக்கும் அதில் ஓடும் மெஷின்களை நான் பார்க்கிறேன். ஆனால் இனிமேல் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை. நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, கஸ்டமர் அனுப்பும் மெயில் அட்டாச்மென்ட் எல்லாம் அந்த மெஷினில்தான் என்றால் அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

வீட்டு உபயோக மெஷின்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வருட நீட்டிப்பு தந்தது, 2026 அக்டோபர் 13 வரை. மெஷின் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு இல்லாமலே சேரலாம். அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். யோசித்து முடிவெடுக்க அவகாசம் வேண்டும் என்பவர்களுக்கு இது போதும்.

எங்க மெஷின் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லைன்னு வருதுங்க. பக்கத்துக் கடைல எப்படியோ போட்டுத் தர்றேங்கறாங்க. போட்டுக்கலாமுங்களா?

முதலில் ஜெனரேஷனைப் பாருங்கள். எட்டாவதோ அதற்கு மேலோ இருந்தும் தகுதி இல்லை என்று வந்தால் பல நேரம் போர்டின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்து கிடக்கிறது. இன்டெல் போர்டில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை ஆன் செய்ய வேண்டும். விண்டோஸை லெகசி என்ற பழைய பூட் முறையில் ஏற்றியிருந்தால் டிஸ்க்கை எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றிவிட்டு யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்குப் போக வேண்டும். டேட்டாவை அழிக்காமல் மாற்றும் கருவி விண்டோஸிலேயே உண்டு. இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள். ஒரு பைசா பார்ட் செலவில்லாமல் முடியும் வேலை இது.

ஏழாவதோ அதற்குக் கீழோ என்றால் கடைக்காரர் சொல்வது சோதனையை ஏமாற்றி ஏற்றும் வழி. ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்கவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது கோர் 2 டுவோ காலத்து மெஷின்கள் மொத்தமாக வெளியே நின்றன. வீட்டில் படம் பார்க்க என்றால் போட்டுக்கொள்ளுங்கள். இன்வாய்ஸ் போடும் மெஷினில் நான் செய்து தருவதில்லை, கேட்டாலும்.

போர்டு அப்படியே இருக்கட்டும், ஐ3-யை எடுத்துட்டு ஐ7 போட்டா ஆகாதுங்களா?

அதே சாக்கெட், அதே ஜெனரேஷன் என்றால் ஆகும். நான்காவது ஜெனரேஷன் ஐ3 இருந்த இடத்தில் நான்காவது ஐ7 உட்காரும். அப்படியும் நீங்கள் பத்து வருடத்துக்கு முந்தைய ப்ராசஸரைத்தான் வாங்குகிறீர்கள், விண்டோஸ் 11 பிரச்சினை அப்படியே நிற்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆறு, ஏழாவது ஜெனரேஷனுக்கும் எட்டு, ஒன்பதாவதுக்கும் சாக்கெட் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. ஆனாலும் ஏழாவது காலத்துப் போர்டில் எட்டாவது ப்ராசஸர் ஓடாது. பெயரை நம்பி வாங்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். முதல் ரைசன் காலத்துப் போர்டுகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 5000 வரிசை வரை ஏற்றலாம். உங்கள் போர்டுக்கு உண்டா என்பதைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

பையன் கேம் விளையாடறதுக்கு கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கித் தரச் சொல்றான். போட்டுரலாமுங்களா?

எஸ்எம்பிஎஸ் என்ன என்று பையனைக் கேளுங்கள். மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தின்னும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வேண்டும், கேபினெட்டோடு வந்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் அது இருக்காது. பெயர் தெரியாத 450 வாட் பெட்டியில் பெரிய கார்டைப் போட்டுப் புகை கிளம்பியதை நேரில் பார்த்திருக்கிறேன். நல்ல எஸ்எம்பிஎஸ், பிறகு கார்டு. இரண்டும் அடுத்த மெஷினுக்குக் கூட வரும் என்பதால் நான் தடுக்க மாட்டேன், பரீட்சை முடியட்டும்.

பாக்ஸ்ப்ரோல எழுதின கணக்கு புரோகிராமுங்க, எங்கப்பா காலத்துலிருந்து ஓடுது. எழுதிக் குடுத்தவரும் இப்ப இல்லை. மெஷினை மாத்தினா அது ஓடுமுங்களா?

இந்தக் கேள்வி வந்தால்தான் நான் உட்கார்ந்து பதில் சொல்வேன். அந்தக் காலத்து பாக்ஸ்ப்ரோ கணக்குகள் பெரும்பாலும் டாஸ் புரோகிராம்கள். 64 பிட் விண்டோஸில் அவை நேரடியாக ஓடாது, விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் புது மெஷின் வாங்கி அப்படியே காப்பி செய்தால் ஓடும் என்று எண்ண வேண்டாம். விண்டோஸுக்குள் பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் ஓட்டிப் பார்க்கலாம், பலது ஓடுகிறது. பிரிண்டில்தான் தகராறு வரும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழைய பேரலல் போர்ட்டில் மாட்டியிருக்கும், புதுப் போர்டுகளில் அந்த போர்ட் பெரும்பாலும் இல்லை. பழைய பிளாட்டர், டாங்கிள் போட்ட பேட்டர்ன் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைமை.

அப்படிப்பட்ட மெஷினை மேம்படுத்தாதீர்கள், பாதுகாத்து வையுங்கள். நெட் வயரைப் பிடுங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு எஸ்எஸ்டிக்கு குளோன் எடுத்து, எஸ்எஸ்டியில் ஓட்டி, பழைய டிஸ்க்கை பீரோவில் வையுங்கள். அதே மாடல் போர்டு பழையதாக எங்காவது கண்ணில் பட்டால் ஒன்று வாங்கிப் போடுங்கள். அந்தக் காலத்து மதர்போர்டைத் தேடி வாங்கினால் அது சுத்தமாகக் கூட வராது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இது ஒன்றுதான் விலக்கு. நெட், மெயில், ஜிஎஸ்டிக்கு வேறு மெஷின் பக்கத்தில் இருக்கட்டும்.

லினக்ஸ் போட்டுக்குங்கன்னு காலேஜ் பொண்ணு சொல்லுது. நமக்கு ஆகுமுங்களா?

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுவது. நெட், மெயில், யூடியூப், சாதாரண எழுத்து வேலை மட்டும் என்றால் தாராளமாக. நான்காவது ஜெனரேஷன் மெஷினில் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்த ஒரு வாத்தியார் இன்னும் திரும்பி வரவில்லை. தமிழ்99 தட்டச்சும் அதில் உண்டு. டேலி, போட்டோஷாப், கோரல்டிராவில் பிழைப்பு நடத்துபவர்களுக்கு வேண்டாம்.

ஆடித் தள்ளுபடி வரட்டும், இல்லாட்டி தீபாவளிக்கு வாங்கிக்கலாம்னு இருக்கறனுங்க. விலை இறங்குமுங்களா?

துணிக்கு ஆடி உண்டு, ரேமுக்கு ஆடி இல்லை. கம்ப்யூட்டர் பார்ட் என்றால் பொறுத்தால் விலை இறங்கும் என்பது ரொம்ப நாள் பழக்கம். 2025 கடைசியிலிருந்து அது தலைகீழாகிவிட்டது. உலகத்து ரேம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். ஏஐ டேட்டா சென்டர்கள் கேட்கும் மெமரியில் லாபம் அதிகம் என்று அவர்கள் தொழிற்சாலையை அந்தப் பக்கம் திருப்பினார்கள். நமக்கு வரும் ரேம் குறைந்தது, விலை ஏறியது, எஸ்எஸ்டியும் கூடவே ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான், நம் கடைகளில் ஓடிய க்ரூஷியல் என்ற சில்லறை வியாபாரத்தையே மூடப் போவதாக அறிவித்தது.

நூல் விலை ஏறும்போது பனியன்காரர் என்ன செய்வார்? கையில் இருக்கும் ஆர்டருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுப்பார், ஸ்டாக் போட்டு ஆட மாட்டார், மில் விலை சொல்லும் நாளை நம்பி ஆர்டரைத் தள்ளியும் போட மாட்டார். அதே புத்திதான் இங்கேயும். இன்றைக்கு வேலை கெடுகிறது என்றால் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வேலை கெடவில்லை என்றால் மெஷின் ஓடுகிற வரை ஓட்டுங்கள். விலை இறங்கும் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுக்காதீர்கள்.

மார்ச் முடியறதுக்குள்ள வாங்கினா வரியில கழியும்னாங்க. நிசமுங்களா?

பாதி நிசம். தொழிலுக்கு வாங்கும் கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் தேய்மானம் 40 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான், 20 சதவீதம். ஆகவே முழுசாக வேண்டும் என்றால் அக்டோபர் தொடக்கத்துக்குள் மெஷின் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். 18 சதவீத ஜிஎஸ்டியை, பதிவு பெற்றவர்கள் பில்லில் தங்கள் ஜிஎஸ்டி எண் போட்டு வாங்கினால் தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பெரிய கம்பெனில ஓட்டிட்டுக் குடுத்த செகண்ட்ஹேண்ட் மெஷின் பாதி விலைக்கு வருதுங்க. நம்பலாமுங்களா?

மேலே சொன்ன எட்டாவது ஜெனரேஷனோ அதற்கு மேலோ என்று பாருங்கள். அப்படி இருந்தால், ஆபீஸ் வேலைக்கு நான் முதலில் சிபாரிசு செய்வதே இதைத்தான். ஐடி கம்பெனிகளில் ஏசி அறையில் இருந்தவை, உள்ளே பஞ்சு இருக்காது. ஏழாவது ஜெனரேஷனை மலிவு விலையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அங்கேதான் உஷார். சின்னக் கேபினெட் மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் கனெக்டரும் தனி வகை, கெட்டால் சாதாரணக் கடையில் கிடைக்காது. பில், குறைந்தது ஆறு மாத வாரண்டி இரண்டும் இல்லாமல் வாங்காதீர்கள்.

சரிங்ண்ணா, இப்போதைக்குப் பொறுத்துக்கறேன். அதுவரைக்கும் என்ன பண்ணோணும்?

டேட்டாவை இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மெஷினிலேயே மாட்டி வைத்த பென்டிரைவ் கணக்கில் சேராது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் அன்றைக்கே காப்பி எடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். யுபிஎஸ் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் அதன் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். பிறகு எப்போது மாற்றினாலும் 11-ஆம் தேதி, 20-ஆம் தேதியை ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாளில் புது மெஷினில் டேலி லைசென்ஸ் வரவில்லை என்று எனக்கு வரும் போன்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

பழசைப் பழைய இரும்புக் கடைல போட்டுரலாமுங்களா?

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மீதியை இ-வேஸ்ட் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். டெலீட் செய்தாலும், க்விக் ஃபார்மேட் செய்தாலும் அதில் இருந்த பார்ட்டி கணக்கு, ஆதார் காப்பி எல்லாம் திரும்ப எடுக்கக் கூடியவைதான். டிரில்லிங் மெஷின் இல்லாத பட்டறை நம் பக்கம் ஏது? தட்டு வழியாக இரண்டு ஓட்டை போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.